பிளஸ் டூவுக்குப் பிறகு உதவித்தொகை: பொறியியல், கணினி, கணிதம் படிக்கப் போகிறவர்கள் மே மாதத்திலேயே செய்ய வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டில் கட்-ஆஃப் பேச்சுதான் ஓடும். கட்டணத்தைப் பற்றிய பேச்சு, கவுன்சலிங் முடிந்து ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகே எழும். அதற்குள் சில வேலைகளுக்குக் காலம் கடந்துவிட்டிருக்கும். நான் பார்த்தவரை, மதிப்பெண் போதாமல் உதவித்தொகையை இழந்தவர்கள் குறைவு. பெயரோடு ஒட்டிய ஓர் இனிஷியல், வங்கிக் கணக்கில் சேராத ஆதார், பழைய வருமானச் சான்று என்று இழந்தவர்கள்தான் அதிகம். அதனால் திட்டங்களைப் பிறகு பார்ப்போம், முதலில் காகிதங்கள்.

முதல் வேலை: பெயர்

மதிப்பெண் பட்டியலில் "கவிதா செ". ஆதாரில் "கவிதா செல்வம்". வங்கிப் பாஸ்புக்கில் "செ. கவிதா". நமக்கு மூன்றும் ஒரே பெண்தான், கணினிக்கு மூன்று பேர். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இல்லாததால், வடக்கே பெரிதாக எழாத இந்தச் சிக்கல் தமிழ்நாட்டு மாணவர்களைத்தான் ஆண்டுதோறும் பிடித்து ஆட்டுகிறது.

வழி ஒன்றே: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ, ஆங்கில எழுத்துக்கூட்டல் உட்பட அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரைப் பார்த்து மதிப்பெண் பட்டியலை மாற்றக் கிளம்பினால் தேர்வுத் துறைக்கு நடந்தே ஓர் ஆண்டு போய்விடும். ஆனால் ஒன்று, ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறைதான் திருத்தலாம். பிறந்த தேதியை ஒருமுறைதான். ஆதார் மையத்தில் ஆபரேட்டர் தட்டச்சு செய்து திரையில் காட்டும்போது, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு ஒப்புதல் சொல்லுங்கள். பின்னால் வரிசை நீள்கிறதே என்று தலையாட்ட வேண்டாம். ஆதார் சரியானதும் அதைக் கொண்டுபோய் வங்கியில் பெயரை மாற்றுங்கள்.

இரண்டாவது: வங்கிக் கணக்கு

அரசு உதவித்தொகை இப்போது கல்லூரி அலுவலகம் வழியாகக் காசோலையாக வருவதில்லை. ஆதார் எண்ணைப் பிடித்து நேராகக் கணக்கில் விழுகிறது. இங்கே மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது" என்று வங்கியில் சொல்வதை வைத்துத் திருப்தியாகிவிடக் கூடாது. வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் கேஒய்சிக்காக ஆதாரைச் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைக் கவனிக்கும் தேசிய அமைப்பு) பட்டியலில் ஏற்றுவது வேறு. கவுன்டரில் "என்பிசிஐ சீடிங் செய்து தாருங்கள்" என்றே கேளுங்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு.

இரண்டு, ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்கும். செல்போன் கடையில் சிம் வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்துவிட்ட கணக்கு ஒன்று இருந்தால், பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நீங்களோ வேறு பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று, பள்ளி நாளில் அப்பா பெயரோடு சேர்த்துத் திறந்த கணக்கு, மைனர் கணக்கு, முழு ஆவணமில்லாமல் திறந்த சிறுகணக்கு. சிறுகணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்கக் கூடாது. பெரிய தொகை அதில் விழப் பார்த்தால் சிக்கல் வரலாம். பதினெட்டு வயது ஆன உடனே, மாணவர் பெயரில் மட்டும், முழு கேஒய்சியோடு சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்று. தேசிய வங்கியாக இருப்பது நல்லது.

மூன்றாவது: இ-சேவை மையம்

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று. நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை, ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் சேவைக் கட்டணம். முதல்முறை போகிறவர்களுக்குக் கேன் எண் என்ற ஒன்றைப் பதிந்து தருவார்கள். அது ஒருமுறை பதிந்தால் போதும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ என்று மேலே ஏறி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். ஜூனில் ஊரே அங்கே நிற்கும் என்பதால் ஏப்ரல் கடைசியிலேயே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றை அப்படி நினைக்காதீர்கள், புதிதாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் எழுதப்படும் தொகைதான் உங்கள் தலையெழுத்து: மாநில அரசின் பெரும்பாலான கல்வி உதவித்தொகைகளுக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம், மத்திய அரசின் பொது உதவித்தொகைக்கு 4.5 லட்சம், ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) திட்டங்களுக்கு 8 லட்சம். ஓர் இடத்தில் ஒரு தொகை, இன்னோர் இடத்தில் வேறு தொகை என்று காட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள். எல்லாமே இப்போது ஆதாரில் கோர்க்கப்பட்டிருக்கிறது.

ஐஐடி, என்ஐடி பக்கம் கண் வைத்திருக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சாதிச் சான்று மட்டும் போதாது. கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று சொல்லும் மத்திய அரசுப் படிவத்திலான ஓபிசி சான்று தனியாக வேண்டும்.

மாநில அரசு தருவது: இங்கே போட்டி கிடையாது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தனியார் அறக்கட்டளைகளின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்களோடு முட்டி மோத வேண்டும். மாநில அரசின் உதவிகளோ தகுதி இருந்தால் கிடைத்தே தீர வேண்டியவை. முதலில் இவற்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பொறியியல் கவுன்சலிங் விண்ணப்பத்தில் 'முதல் பட்டதாரி' என்ற கேள்வி வரும். குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்றால், கவுன்சலிங் மூலம் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை தருகிறது. 2010-11 கல்வியாண்டில் தொடங்கிய திட்டம். இதற்கு வருமான வரம்பு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அப்பா நல்ல சம்பளத்தில் இருந்தாலும் பட்டம் இல்லை என்றால் தகுதி உண்டு. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. விண்ணப்பத்திலேயே ஆம் என்று சொல்லிச் சான்றையும் ஏற்றிவிட வேண்டும். சேர்ந்த பிறகு கல்லூரியில் போய்க் கேட்டால் கைவிரிப்பார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. இதைவிடப் பெரிய உதவித்தொகை இந்த மாநிலத்தில் வேறு இல்லை என்பேன். 200-க்கு 150 கட்-ஆஃப் வைத்திருக்கும் அரசுப் பள்ளி மாணவர், இந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் கல்லூரியைப் பார்க்காமல் பொதுப் பிரிவில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் தகுதி போய்விடும்.

எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2.5 லட்சம் வருமான வரம்போடு போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை. இதில் கவனிக்க வேண்டியது, கட்டணத்துக்கான தொகையும் மாணவர் கணக்கிலேயே விழக்கூடும் என்பது. திடீரென்று ஒரு பெருந்தொகை வந்திருக்கிறதே என்று பைக்குக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம், தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு.

இவற்றோடு மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருவார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் சேர்த்து வாங்கலாம். ஆயிரம்தானே என்று விட வேண்டாம். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நல்ல லேப்டாப் விலை.

இவை எல்லாவற்றுக்கும் வாசல் யூமிஸ் எண், அதாவது உயர்கல்வி மாணவர்களின் விவரத்தைப் பதியும் மாநில அரசுத் தளத்தில் உங்களுக்கான எண். கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் உங்கள் விவரத்தைப் பதிந்து அந்த எண்ணைத் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் மாநில அரசின் எந்தத் திட்டத்திலும் அடியெடுத்து வைக்க முடியாது.

மத்திய அரசு: ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகும்

மத்திய அரசின் திட்டங்கள் பெரும்பாலும் தேசிய கல்வி உதவித்தொகைத் தளத்தில் இருக்கின்றன. முதலில் ஆதாரைக் கொண்டு ஓடிஆர் என்ற ஒருமுறைப் பதிவு. கைப்பேசியில் முகத்தைக் காட்டி உறுதிசெய்தால் 14 இலக்க எண் ஒன்று வரும். படிப்பு முடியும்வரை அந்த எண்தான். பிறகு விண்ணப்பத்தை நிரப்பும்போது கல்லூரிப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். ஒரே அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகள் ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று நான்கு இருக்கும். பக்கத்துக் கல்லூரியைத் தொட்டுவிட்டால் உங்கள் விண்ணப்பம் அந்த அலுவலகத்தில் போய்க் கிடக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக இருக்கும் ஏஐஎஸ்எச்இ குறியீட்டு எண்ணை உங்கள் கல்லூரியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவான திட்டம் ஒன்று உண்டு. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், பாதி இடங்கள் மாணவிகளுக்கு. இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பொறியியல்போல நான்காவது ஆண்டு இருந்தால் அந்த ஆண்டில் 20,000. பிளஸ் டூவில் உங்கள் வாரியத்தில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். இதை 80 சதவீத மதிப்பெண் என்று தவறாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு, தகுதி இல்லாமல் விண்ணப்பித்தவர்களும் உண்டு. அது இடவரிசைக் கணக்கு, மதிப்பெண் கணக்கு அல்ல.

பொறியியல் மாணவிகளுக்கு உண்மையிலேயே பெரிய தொகை ஏஐசிடிஇயின் பிரகதி. ஆண்டுக்கு 50,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கும். பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலோ, டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேர்ந்த மாணவிகள் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை. கல்லூரி ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் பெண்களுக்கு இது வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 'சக்ஷம்', பெற்றோரை இழந்தவர்களுக்கு 'ஸ்வநாத்'. இரண்டும் அதே 50,000, ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

இங்கேதான் பேனாவும் தாளும் வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகைக்கு, வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர்கள் தகுதியில்லை என்று விதியே இருக்கிறது. பிரகதிக்கும் இதுபோன்ற கட்டுப்பாடு உண்டு. 12,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு முதல் பட்டதாரிச் சலுகையைச் சிக்கலில் விடுவது லாபமா? 50,000 வருமென்றால் கணக்கு மாறுகிறதா? கல்லூரியின் கட்டண ரசீதையும் திட்டத்தின் விதிமுறையையும் பக்கத்தில் வைத்து நான்கு ஆண்டுக்கும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் பிற்பாடு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

கணிதம் படிக்கிறவர்களுக்குத் தனிப் பாதை

பொறியியல் கிடைக்காததால் பி.எஸ்சி. கணிதம் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உதவித்தொகை விஷயத்தில் நிலைமை தலைகீழ். கணிதத்துக்கென்றே இருக்கும் பணம் பொறியியல்காரர்களுக்குக் கிடைக்காது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கையில், 20,000 கோடை ஆய்வுப் பணிக்கு. வாரியத் தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, கணிதம், புள்ளியியல், இயற்பியல்போல அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி. சேர்ந்தவர்களுக்கு இது. பட்டியலில் பொறியியல் இல்லை, கணினி அறிவியலும் இல்லை. நல்ல மதிப்பெண்ணோடு "எதுவானாலும் கம்ப்யூட்டர்" என்று பி.எஸ்சி. கணினி அறிவியலில் சேரும் பிள்ளை, பக்கத்து வகுப்பறையில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்திருந்தால் மூன்று ஆண்டில் 2.4 லட்சம் வாங்கியிருக்கக்கூடும். கணினி படிக்க ஆசை என்றால் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்ஸ்பயருக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சான்றுப் படிவம் ஒன்று வேண்டும். முதலாண்டிலேயே போட வேண்டும், இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து பயனில்லை.

இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தெரிந்தவர்கள் நம் ஊர்ப் பள்ளிகளில் குறைவு. கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். நுழைவுத் தேர்வில் தேறிச் சேர்ந்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 5,000 ரூபாய் அவர்களே தருவார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. அங்கே கட்டணம் அதிகம், ஆனால் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டின் நுழைவுத் தேர்வும் நிரூபணம் எழுதச் சொல்லும் வகை. ஜேஇஇ பயிற்சி மட்டும் போதாது, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வுச் சூட்டில் இவற்றின் விண்ணப்பத் தேதி நழுவிவிடும், பிப்ரவரியிலிருந்தே கண் வைத்திருங்கள்.

எம்.எஸ்சி. கணிதம் போகிறவர்களுக்கு அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் தேசிய உயர் கணித வாரியம் எழுத்துத் தேர்வு வைத்து மாதம் 6,000 ரூபாய் தருகிறது. பொறியியல் முடித்து கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400.

ஐஐடி, என்ஐடி கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

ஐஐடி பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் என்று கேட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணமே இல்லை. ஒன்றிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு முழுத் தள்ளுபடி. என்ஐடிகளிலும் இதே ஏற்பாடுதான். அரசுப் பள்ளியிலேயே படித்து இங்கெல்லாம் நுழைந்தவர்களின் முழுச் செலவையும் தமிழ்நாடு அரசே ஏற்பதாக 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தது.

தனியார்: கடைசியில் வாருங்கள்

ரிலையன்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்கு 5,000 இளநிலை மாணவர்களைத் திறனறித் தேர்வு வைத்து எடுத்து, படிப்புக் காலம் முழுமைக்கும் சேர்த்து 2 லட்சம்வரை தருகிறது. முதலாண்டு மாணவர்கள் மட்டும், வருமானம் 15 லட்சத்துக்குள், 2.5 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஏழை மாணவர்களுக்கு, குறிப்பாக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, அகரம் அறக்கட்டளையின் 'விதை' திட்டம் 2010 முதல் நடக்கிறது. அவர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் விண்ணப்பத்தில் கதை சேர்க்காதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் "75 சதவீத ஸ்காலர்ஷிப்" என்று பேனர் வைக்கும். அது பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடி, கையில் வரும் பணம் அல்ல. கல்விக் கட்டணத்தில் மட்டுமா, விடுதிக்கும் உண்டா, முதல் ஆண்டுக்கு மட்டுமா, சிஜிபிஏ எத்தனைக்குக் கீழே போனால் நின்றுபோகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தள்ளுபடிக்குப் பிறகும் அரசு உதவி பெறும் நல்ல கல்லூரியின் முழுக் கட்டணத்தைவிட அது அதிகமாக இருப்பதுண்டு.

விண்ணப்பக் கட்டணம், "ஃபைல் சார்ஜ்" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். தேசியத் தளத்தில் விண்ணப்பிக்கக் காசு கிடையாது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவராகவே இருந்தாலும், உங்கள் போனில் நீங்களே பார்த்து நீங்களே தட்டுங்கள்.

சமர்ப்பித்த பிறகு

சமர்ப்பித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் முதலில் போவது உங்கள் கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பு அலுவலரிடம். அவர் பார்த்துச் சரி என்றால்தான் மேலே ஏறும். அவர் பெரும்பாலும் வகுப்பும் எடுத்துக்கொண்டு இதையும் பார்க்கிற பேராசிரியர். அச்சிட்ட விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், சான்றுகள், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், கட்டண ரசீது, போனஃபைடு சான்று என்று வரிசையாக ஒரு ஃபைலில் கோர்த்துக் கொடுத்தால் அன்றே முடித்துவிடுவார். தளத்தில் 'குறைபாடு' என்று திருப்பி அனுப்பியிருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். இதற்கு வரும் குறுஞ்செய்தியை நம்பியிருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பித்தல். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் வேண்டும். பொறியியல் முதலாண்டில் கணிதத்தில் அரியர் வைப்பது சகஜமாகிவிட்டது. வேறு சில திட்டங்களில் அரியர் இருந்தாலே அந்த ஆண்டுத் தொகை நின்றுபோகும். உங்கள் திட்டத்தின் விதியை முதல் செமஸ்டருக்கு முன்பே படித்துவிடுங்கள். புதுப்பிப்பதற்கும் கடைசித் தேதி உண்டு, அது புதிய விண்ணப்பத்தின் தேதியோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒப்புதல் ஆகியும் பணம் வரவில்லை என்றால் அரசுப் பணம் எங்கே போனது என்று காட்டும் மத்திய அரசின் பிஎஃப்எம்எஸ் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எந்த வங்கிக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள், ஏன் திரும்பியது என்று அங்கே தெரியும். ஆதார் இணைக்கப்படவில்லை என்று காட்டினால் கல்லூரி அலுவலகத்துக்கு நடப்பது வீண். அந்தத் திரையை அச்செடுத்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போங்கள்.